கிளீனரையும் சேர்த்து எடை போட்ட கதை: ஒரு இறுதியாண்டு புராஜெக்டின் நிகழ்வு ஆய்வு

ஒரே கதைக்கு ஒரு தேர்வாளர் 76 போட்டிருந்தார், இன்னொருவர் 52. இலக்கியப் பட்டப்படிப்பின் இறுதியாண்டு மாணவி ஒருவர், வழக்கமான ஆய்வுக் கட்டுரைக்குப் பதிலாகச் சொந்தமாக ஒரு நெடுங்கதை எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டு தேர்வாளர்களுக்கும் நடுவே 15 மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவதாக ஒருவர் படிக்க வேண்டும் என்பது அந்தத் துறையின் விதி. அந்த மூன்றாவது ஆளாக என்னைக் கூப்பிட்டார்கள்.

முதல் இருவரும் என்ன போட்டார்கள் என்று தெரியாமல்தான் படித்தேன், விதி அப்படி. எல்லாம் முடிந்த பிறகு, மாணவியும் அவருடைய கைடும் சம்மதித்ததால், வரைவுகள், கைடின் பென்சில் குறிப்புகள், தேர்வாளர்களின் அறிக்கைகள் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்க்க முடிந்தது. இங்கே எழுதுவது அவற்றிலிருந்து. ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். கதையின் பகுதிகளை மாணவியின் அனுமதியோடு தருகிறேன்.

விதிமுறையில் இருந்தது

10,000 சொற்களுக்குள் ஒரு புனைகதை. அதோடு 3,000 சொற்களில் ஒரு விளக்கவுரை. கதைக்கு 70 மதிப்பெண், விளக்கவுரைக்கு 30. வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்குத் தனி மதிப்பெண் கிடையாது, ஆனால் வைவா முடிந்ததும் மொத்தத்தைக் கொஞ்சம் ஏற்றவோ இறக்கவோ குழுவுக்கு அதிகாரம் உண்டு. கதையைப் பற்றிக் கையேட்டில் அரைப் பக்கம் இருந்தது. விளக்கவுரையைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்: ‘படைப்பை அதன் இலக்கியச் சூழலில் வைத்து விளக்கவும்.’ பின்னால் வந்த சிக்கலில் பாதிக்கு மேல் இந்த வாக்கியத்திலிருந்து முளைத்ததுதான்.

புனைகதையைப் பட்டத்துக்கான வேலையாக ஏற்றுக்கொள்வது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகம், உயர் பட்டங்களுக்கு ஆய்வேட்டின் இடத்தில் படைப்பிலக்கியத்தையும் ஏற்பதாக 1922-லேயே அறிவித்தது. அங்கே எழுத்துப் பட்டறை முறையாகத் தொடங்கியது 1936-ல். இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகம் 1970-ல் அதை ஒரு முதுகலைப் படிப்பாகக் கொண்டுவந்தது. இளங்கலையில் செய்தவர்களும் உண்டு. அமெரிக்க நாவலாசிரியர் டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் 1985-ல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் இரண்டு ஆய்வேடுகள் கொடுத்தார்: ஒன்று தத்துவத்தில், இன்னொன்று ஒரு நாவல். அந்த நாவல் 1987-ல் புத்தகமாகவும் வந்துவிட்டது.

மாணவர்களுக்கு இந்த மாதிரி செய்திகள் எப்படியோ தெரிந்துவிடுகின்றன, அதுதான் தொந்தரவு. புராஜெக்ட் என்றாலே அடுத்து புத்தகம் என்று மனக்கணக்கு ஓட ஆரம்பிக்கிறது. நான் இதற்கு எதிராகச் சொல்லும் உதாரணம் அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ஃப்ளானரி ஓ’கானர். 1947-ல் அவர் ஐயோவாவில் ஆறு சிறுகதைகளை ஆய்வேடாகக் கொடுத்தார். அதில் தலைப்புக் கதையை அவர் கடைசிவரை விடவில்லை. 1964-ல், உடம்பு முற்றிலும் தளர்ந்து இறக்கும் தறுவாயில், அதையே வேறொரு கதையாகத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். ஆய்வேடாகக் கொடுத்ததால் ஒரு கதை முடிந்துவிடுவதில்லை. அன்றைய தேதியில் அது எங்கே நிற்கிறதோ அதைத்தான் தேர்வாளர் பார்க்கிறார்.

மூன்று தலைமுறை, ஒரே செமஸ்டர்

மாணவி முதலில் கொடுத்த சினாப்சிஸ், அதாவது கதைச்சுருக்கம், ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. தாத்தா சுமை தூக்குபவர், மகன் லாரி ஓட்டுநர், பேரன் லாரிகளை எடை போடும் எடைமேடையில் வேலை. மூன்று பேர் வழியாக ஒரு தொழிலே மாறிய கதையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஆசை. ஆசையில் தப்பில்லை, அதற்குத் தேவையான இடம்தான் இல்லை. அறிவியல் புனைவுக்கான நெபுலா விருதுகளில் 7,500 சொற்களுக்குள் இருந்தால் சிறுகதை, 40,000 தொட்டால் நாவல் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அது ஆங்கிலச் சொற்கணக்கு. தமிழில் வேற்றுமையும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே 10,000 சொல்லில் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல முடியும். அப்படியும் மூன்று தலைமுறை அடங்காது.

இப்படி வரும் சினாப்சிஸ்களில் பெரும்பாலானவை ஒரே வழியில் போகும். ‘நாவலின் முதல் மூன்று அத்தியாயங்கள்’ என்று சமரசம் செய்துகொண்டு, தொடங்கி முடியாத ஒன்றைக் கொடுப்பார்கள். தேர்வாளராக இருந்தவர்களுக்கு அந்த அத்தியாயங்கள் நன்றாகத் தெரியும். ஆட்கள் ஒவ்வொருவராக அறிமுகமாவார்கள், ஒரு பழைய ரகசியம் இருப்பதாகக் குறிப்பு வரும், அப்புறம் பக்கம் தீர்ந்துவிடும். எழுதத் தெரிகிறதா என்று அதை வைத்துச் சொல்லலாம். முடிக்கத் தெரிகிறதா என்று சொல்ல முடியாது. என்னைக் கேட்டால் நாவலின் பகுதியை இளங்கலைப் புராஜெக்டாக ஏற்கவே கூடாது. முடிவு எழுதுவதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி. அதைத் தள்ளிப்போட வழி கொடுத்தால் எல்லோரும் தள்ளித்தான் போடுவார்கள்.

இந்தக் கைடு அந்த வழியைக் கொடுக்கவில்லை. சினாப்சிஸின் ஓரத்தில் பென்சிலில் ஒரு கேள்வி இருக்கிறது: ‘இதில் எந்த ஒரு இரவை எழுதாமல் விட்டால் உனக்குத் தூக்கம் வராது?’ மாணவியின் பதில் அதற்கடியிலேயே இருக்கிறது: ‘எடைமேடையில் கிளீனர் தூங்கிப்போன இரவு.’ சினாப்சிஸில் அது ஒரே வரியாக, பேரனின் வாழ்க்கையில் வரும் பல சம்பவங்களில் ஒன்றாக இருந்தது. மீதியெல்லாம் போய் அந்த ஒரு வரி கதையாயிற்று.

மாமாவின் கணக்கு

அந்த இரவு மாணவிக்கு அவருடைய மாமா சொன்னது. மாமா எடைமேடையில் வேலை பார்க்கிறவர். அந்த வேலை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: லாரி முதலில் காலியாக மேடையில் ஏறும், ஓர் எடை. சரக்கு ஏற்றிக்கொண்டு மறுபடி ஏறும், இன்னோர் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு, அதற்குத்தான் பணம். ஆகவே இரண்டு தடவையும் வண்டி ஒரே மாதிரி இருந்தாக வேண்டும். காலி எடை போடும்போது டேங்கில் டீசல் குறைவாக இருந்து, பிறகு நிரப்பிவிட்டால் டீசலும் சரக்காகிவிடும். காலி எடையின்போது கீழே இறங்கி நின்ற கிளீனர், சரக்கு எடையின்போது கேபினுக்குள் படுத்திருந்தால் கிளீனரும் சரக்காகிவிடுவார். வாங்குகிறவர் ஒரு மனிதரின் எடைக்கும் சேர்த்துப் பணம் கொடுப்பார்.

மாமா ஒரு தடவை அப்படி விட்டிருக்கிறார். காசு வாங்கிக்கொண்டு இல்லை. எழுப்ப மனசு வராமல். இதை வீட்டில் பேச்சோடு பேச்சாகச் சொன்னவருக்கு, அது ஒரு கதையாகி, கல்லூரி நூலகத்தில் வைக்கப்படும் என்று தெரியாது.

இங்கே கைடு செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்திருந்தது. முதல் வரைவு வந்த உடனேயே, நடையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், ‘மாமாவுக்குத் தெரியுமா?’ என்று கேட்டிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் ஒழுக்கநெறிப் படிவம் என்று ஒன்று உண்டு. பேட்டி எடுக்கிற, கணக்கெடுப்பு நடத்துகிற மாணவர்கள் அதை நிரப்பியாக வேண்டும். புனைகதை எழுதுகிறவர்களை அந்தப் படிவம் கண்டுகொள்வதே இல்லை; கற்பனைதானே என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் இறுதியாண்டு மாணவர்கள் எழுதுவதில் பெரும்பகுதி வீட்டிலிருந்து வருகிறது. அம்மாவின் கல்யாணம், அண்ணனின் குடி, பாட்டியின் சாவு. பேட்டி கொடுத்தவருக்கு இருக்கும் பாதுகாப்பு, சாப்பாட்டு நேரத்தில் மனம் விட்டுப் பேசிய மாமாவுக்கு இல்லை. இந்த விஷயத்தில் மாமாவின் வேலைக்கே ஆபத்து வரலாம்.

மாணவி மாமாவிடம் சொன்னார். மாமா யோசித்துவிட்டு, ஊரும் சரக்கும் மாற வேண்டும், கொடுப்பதற்கு முன்னால் தான் ஒரு தடவை படிக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை போட்டார். நூலகப் பிரதியை இரண்டு ஆண்டுகளுக்குத் திறக்காமல் வைக்க முடியுமா என்று கைடு விண்ணப்பித்தார்; கிடைத்தது. ஆய்வேடுகளில் காப்புரிமை விஷயத்துக்காக இருக்கும் ஏற்பாடுதான் அது, புனைகதைக்குக் கேட்டவர் அந்தத் துறையில் இவர்தான் முதல் ஆள்.

மாமா படித்துவிட்டுச் சொன்ன திருத்தம் கதையையே மாற்றிவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வரைவுகளுக்குள்ளே

முதல் வரைவின் தொடக்கம் இது:

‘கரிய போர்வையாய் இரவு உலகை மூடியிருந்தது. அவன் மனதில் ஆயிரம் கேள்விகள் அலைமோதின. வாழ்க்கையே ஓர் எடைமேடைதானோ? நாம் எல்லோரும் எதையோ சுமந்துகொண்டு அதன் மேல் ஏறி நிற்பவர்கள்தானோ?’

இதைப் படித்துச் சிரிப்பவர்கள் தங்கள் இருபது வயது நோட்டுப் புத்தகத்தை ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாம். பிழை என்னவென்றால், எடைமேடை என்றால் என்னவென்று வாசகருக்குத் தெரிவதற்கு முன்பே அதற்குத் தத்துவம் சொல்லியாகிவிட்டது. மேடை எப்படி இருக்கும், எண் எங்கே தெரியும், வண்டி ஏறும்போது என்ன சத்தம் வரும், ஒன்றும் இல்லை. கைடு இந்தப் பத்தியைக் கோடு போட்டு அடிக்கவில்லை. ‘வண்டி எப்போது வரும்?’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். நல்ல குறிப்பு. அடித்திருந்தால் மாணவி வேறொரு போர்வையைத் தேடியிருப்பார்.

கடைசிக் காட்சி மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. முதல் வடிவத்தில் எடை போடுகிறவன் கிளீனரை எழுப்பி இறக்கிவிட்டு, சரியான எடையைப் போட்டு, நேர்மையின் பெருமையோடு வீட்டுக்குப் போகிறான். இரண்டாவதில் ஓட்டுநர் அவன் சட்டைப்பையில் பணத்தைச் செருகுகிறார். அவன் கூனிக் குறுகிப்போகிறான். முதலாவது நீதிக்கதை, இரண்டாவது செய்தித்தாள். இரண்டிலும் மாமா இல்லை. உண்மையில் நடந்தது இரண்டுக்கும் நடுவே எங்கோ, பெயர் வைக்க முடியாத இடத்தில் இருந்தது.

மூன்றாவது வடிவத்தில் ‘தூங்கட்டும்’ என்று சொல்லிவிட்டு அவன் பதிவேட்டில் எடையை எழுதுகிறான். மாமா படித்தது இதைத்தான். ‘எல்லாம் சரிம்மா, ஆனா இப்ப யாரு கையால எழுதுறா? பட்டனை அமுக்குனா சீட்டு தானா வந்துரும்’ என்றாராம். மாணவி அதைத் தகவல் பிழையாக மட்டும் எடுத்துக்கொண்டு ‘எழுதினான்’ என்பதை மாற்றியிருந்தால் போதும். அவர் இன்னும் கொஞ்சம் யோசித்தார். எழுதுவதென்றால் கை நடுங்கலாம், தயங்கலாம், அடித்துத் திருத்தலாம். பட்டனுக்கு அந்த அவகாசம் கிடையாது. தயக்கத்தை முழுக்கப் பட்டனுக்கு முன்னால் கொண்டுவர வேண்டியதாயிற்று. இறுதி வடிவம்:

‘25,340 என்று காட்டியது. அவன் பட்டனை அமுக்கவில்லை. கேபினுக்குள் கிளீனர் தூங்கிக்கொண்டிருந்தான். கால் இரண்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்தன. காலி எடையில் அவன் இல்லை.

“எழுப்பட்டுமா?” என்றார் டிரைவர்.

“எத்தனை நாளாத் தூங்கல?”

“ரெண்டு.”

“விடுங்க” என்றான். அமுக்கினான். சீட்டு வந்தது. சரக்கு: 16,060 கிலோ.’

கதையின் நடுவில் ஓரிடத்தில் அந்த வண்டியின் சரக்கு 16,000 கிலோ என்று போகிற போக்கில் வந்திருக்கும். அதைக் கவனித்த வாசகருக்கு இந்த 60 கிலோ யார் என்று தெரியும். கவனிக்காதவருக்கு அது வெறும் எண். கிளீனர் சரக்காகிவிட்டான் என்று கதை எங்கேயும் சொல்லவில்லை. முதல் வரைவில் வாழ்க்கையே எடைமேடை என்று முழங்கியவர்தான் இதையும் எழுதியிருக்கிறார் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. கைடின் பங்கு இதில் நிறைய.

விளக்கவுரை என்கிற கடைசி வாரம்

கதைக்குக் கிடைத்த இந்தக் கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட விளக்கவுரைக்குக் கிடைக்கவில்லை. கோப்பின் தேதிகளைப் பார்த்தால், 3,000 சொற்களும் கடைசி வாரத்தில் எழுதப்பட்டவை. கைடின் பென்சில் அதில் இரண்டு இடத்தில்தான் பட்டிருக்கிறது, இரண்டும் எழுத்துப்பிழைகள்.

உள்ளே என்ன இருந்தது? யதார்த்தவாதம் பற்றி ஒரு முன்னுரை. உழைக்கும் வர்க்கம் இலக்கியத்தில் எப்படி வந்திருக்கிறது என்று ஒரு சுற்று. அந்நியமாதல் கோட்பாடு பற்றி இரண்டு பக்கம். கடைசியில், ‘எனது கதை இந்த மரபில் நின்று உழைப்பாளியின் வலியைப் பேசுகிறது’ என்று ஒரு பத்தி. கையேடு கேட்டது இலக்கியச் சூழல். அதை அப்படியே கொடுத்திருக்கிறார். மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தது அதில் இல்லை. பட்டன் இல்லை. மாமா போட்ட நிபந்தனையால் சரக்கை மாற்றியது, அதனால் லாரியின் எடையே மாறி, எல்லா எண்ணையும் திரும்பக் கணக்குப் போட்டது, ஒன்றும் இல்லை. எடைகளை ஏன் எழுத்தில் எழுதாமல் இலக்கத்தில் கொடுத்தார் என்பதற்கு ஒரு வரி இல்லை. விளக்கவுரையை மட்டும் படித்தால் அதை எழுதியவர் இந்தக் கதையைப் படித்த இன்னொருவர் என்றுதான் தோன்றும், அதுவும் அவசரமாகப் படித்தவர்.

மாணவர்கள் மீது மட்டும் பழி போட்டுப் பயனில்லை. கோட்பாடு எழுதினால் மதிப்பெண் வரும் என்று முந்தைய ஆண்டுகளில் நாமே பழக்கியிருக்கிறோம். கதை எழுதும்போது எடுத்த முடிவுகளைச் சொல்வது ஏதோ சொந்தக் கதை பேசுவது மாதிரி, ஆய்வுக்குக் குறைச்சலான ஒன்று என்று அவர்களுக்குப் பட்டுவிடுகிறது. அப்புறம் இன்னொன்று: முடிவுகளை எடுக்கும்போதே குறித்துவைக்காவிட்டால் மறந்துபோகும். செமஸ்டர் கடைசியில் உட்கார்ந்து, ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசித்தால் உண்மையான காரணம் நினைவுக்கு வராது. கௌரவமான காரணம்தான் வரும்.

இரண்டு அறிக்கைகள்

76 போட்டவர் துறைக்குள் இருக்கும் தேர்வாளர். கதைக்கு 58, விளக்கவுரைக்கு 18. அவருடைய அறிக்கை கிட்டத்தட்ட ஒரு ரசிகரின் கடிதம். கடைசிக் காட்சியைப் புகழ்ந்திருக்கிறார், பிரசுரத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறார். விளக்கவுரையைப் பற்றி, ‘போதுமானது’ என்று ஒரு சொல்.

52 போட்டவர் வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல். கதைக்கு 42, விளக்கவுரைக்கு 10. அறிக்கை நீளமானது, கடுமையானது, கவனமானது. கதை நன்றாக இருக்கிறது என்பதை அவர் மறுக்கவில்லை. அவருடைய கேள்வி வேறு: இது நன்றாக வந்தது தெரிந்து செய்ததாலா, தற்செயலாகவா? முடிவில் எடை போடுகிறவன் எழுப்பாமல் விடுவது பற்றி, ‘எழுதியவர் இதன் அறச்சிக்கலை உணர்ந்திருக்கிறாரா என்பதற்கு ஆதாரம் இல்லை’ என்று எழுதியிருக்கிறார். 16,000-க்கும் 16,060-க்கும் உள்ள வித்தியாசத்தை அவர் கவனித்திருக்கிறார். அதை எண் பிழையாக இருக்கலாம் என்று ஓரத்தில் குறித்திருக்கிறார்.

அந்த ஓரக் குறிப்பைப் பார்த்தபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கதையின் உயிரே அந்த 60 கிலோவில் இருக்கிறது, அதைப் போய்ப் பிழை என்கிறாரே என்று. கொஞ்சம் நிதானித்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. மாணவர்களின் கதைகளில் எண்கள் தப்பாக இருப்பது சாதாரணம். ஒரு பக்கத்தில் 30 வயதாக இருப்பவர் அடுத்த பக்கத்தில் 34 ஆவார். அச்சான ஒரு கதையைப் படிக்கும்போது நாம் எழுத்தாளரை நம்பித் தொடங்குகிறோம்; முரண் தெரிந்தால் அதில் அர்த்தம் தேடுகிறோம். தேர்வுத் தாளைப் படிக்கும்போது அந்த நம்பிக்கையோடு தொடங்குவதில்லை. அதை உண்டாக்கிக் கொடுக்க வேண்டிய இடம் விளக்கவுரை. அங்கே ஒரு வாக்கியம் இருந்திருந்தால் அவர் கதைக்கே இன்னும் பத்து மதிப்பெண் கூடப் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

அதாவது 24 மதிப்பெண் இடைவெளி இரண்டு பேருடைய ரசனை வித்தியாசத்தால் மட்டும் வந்ததில்லை. ஒருவர் கதையை இலக்கியமாகப் படித்து மதிப்பெண் போட்டார். மற்றவர் அதை ஒரு மாணவி என்ன கற்றார் என்பதற்கான சான்றாகப் படித்தார். எதைச் செய்ய வேண்டும் என்று துறை இருவருக்குமே சொல்லவில்லை. இதற்குப் பெரிய அளவில் ஒரு முன்னுதாரணம் உண்டு. அமெரிக்க நாவலாசிரியர் குர்ட் வானகட் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானுடவியல் படித்தவர். அவருடைய ஆய்வேட்டைத் துறை ஏற்கவில்லை; 1947-ல் பட்டம் இல்லாமலே வெளியேறினார். 1971-ல் அதே துறை, 1963-ல் வெளிவந்த அவருடைய நாவல் ஒன்றை ஆய்வேடாக ஏற்று முதுகலைப் பட்டம் கொடுத்தது. எட்டு ஆண்டுகளாகக் கடைகளில் விற்றுக்கொண்டிருந்த நாவலில் யாரும் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. எதை ஆய்வேடு என்று எடுத்துக்கொள்வது என்பது துறையின் கையில்தான் இருந்தது.

நான் போட்டது 66. கதைக்கு 54, விளக்கவுரைக்கு 12. விளக்கவுரையில் நான் எக்ஸ்டர்னலோடுதான் நிற்கிறேன்.

வைவாவில் நடந்தது

முதல் பத்து நிமிடம் மாணவி விளக்கவுரையில் இருந்ததையே ஒப்பித்தார். எக்ஸ்டர்னல் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 16,060 பக்கத்தைத் திருப்பி, ‘இது பிழையா?’ என்றார். மாணவி, ‘இல்லை சார், அது கிளீனர்’ என்றார்.

அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்க வேண்டியிருக்கவில்லை. காலி எடை, சரக்கு எடை, மாமா, மூன்று முடிவுகள், பதிவேடு போய்ப் பட்டன் வந்தது, எல்லாம் வரிசையாக வந்தன. முதல் முடிவை ஏன் விட்டார் என்று சொல்லும்போது, ‘எழுப்பினா அவன் நல்லவன் ஆயிடுவான், அப்புறம் அவனைப் பத்தி யோசிக்க ஒண்ணும் இல்லை’ என்றார். எண்களை ஏன் இலக்கத்தில் போட்டார் என்றதற்கு, சீட்டில் அப்படித்தான் வரும், எழுத்தில் போட்டால் யாரோ உட்கார்ந்து சொல்வது மாதிரி ஆகிவிடும், மெஷின் சொல்வதாகத் தெரியாது என்றார். எந்தக் கோட்பாட்டின் பெயரும் இல்லாமல் அவர் பேசிய அந்தப் பதினைந்து நிமிடமும் நல்ல விளக்கவுரை. எழுதியிருந்தால் 30-க்கு 24 தாராளமாகப் போடலாம்.

எழுதியதைத்தான் முதன்மையாகக் கணக்கில் எடுக்க முடியும் என்பதால் குழு 68-ல் நின்றது. எக்ஸ்டர்னல் கதையின் மதிப்பெண்ணை உயர்த்த ஒப்புக்கொண்டார், விளக்கவுரையின் 10-ஐ மாற்ற மறுத்துவிட்டார். வாயால் சொல்லத் தெரிந்தவருக்கு எழுதவும் தெரிய வேண்டும், இது எழுத்துப் புராஜெக்ட் என்றார். உள் தேர்வாளர் அதற்கு முகத்தைச் சுளித்தார், ஆனால் எதிர்த்துப் பேசவில்லை.

அடுத்த ஆண்டு மாணவர்களுக்குச் செய்த மாற்றங்கள்

துறை கையேட்டைத் திருத்தியது. இலக்கியச் சூழல் பற்றிய வாக்கியம் போகவில்லை. அதன் பக்கத்தில், கதை எழுதும்போது எடுத்த முடிவுகளில் குறைந்தது மூன்றை, விட்டுவிட்ட வழிகளோடு சேர்த்து விளக்க வேண்டும் என்று வந்திருக்கிறது. விளக்கவுரையின் முதல் வரைவைக் கதையின் இரண்டாம் வரைவோடு, செமஸ்டரின் நடுவிலேயே கொடுக்க வேண்டும். என் பார்வையில் உருப்படியான மாற்றம் இதுதான். விளக்கவுரையை எழுதும்போதுதான் சில முடிவுகள் முடிவாகவே எடுக்கப்படவில்லை, பழக்கத்தில் வந்து விழுந்தவை என்று மாணவருக்கே தெரியும். அப்போது கதையைத் திருத்த நேரம் மிச்சம் இருக்க வேண்டும்.

வரைவுகள், குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பாகச் சேர்த்துக் கொடுக்கவும் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு மதிப்பெண் இல்லை. கதையை ஏஐ எழுதியதா என்ற சந்தேகம் வரும்போது காட்டுவதற்காக என்று காரணம் சொல்லப்பட்டது. அது ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருளை நம்பி ஒரு மாணவரைக் குற்றம் சாட்டுவதைவிட, கரிய போர்வையிலிருந்து பட்டன் வரை வந்த பாதையைப் பார்ப்பது எவ்வளவோ மேல். ஆனால் வெறும் சந்தேகத்துக்கான கோப்பு என்று சொன்னால் மாணவர்கள் அதைப் போலீஸ் சோதனைக்குத் தயார் செய்வது மாதிரிதான் செய்வார்கள். விளக்கவுரைக்கு மூலப்பொருள் என்று சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

ஒழுக்கநெறிப் படிவத்தில் புனைகதைக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. அது துறையின் கையில் இல்லை, பல்கலைக்கழகக் குழுவுக்குப் போக வேண்டும். அதுவரை கைடுதான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கேட்காத கைடுகளும் இருக்கிறார்கள்.

புதிய மதிப்பெண் அட்டவணையை எக்ஸ்டர்னலுக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்டார்கள். அவர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார். கதைக்கான 70-க்குள், ‘முடிவு’ என்று ஒரு தனி வரி போட்டு அதற்குப் பதினைந்து ஒதுக்க வேண்டும் என்றார். உள் தேர்வாளருக்கு இதில் உடன்பாடு இல்லை. முடிவைத் தனியாக வெட்டி எடுத்து அளக்க முடியாது என்பது அவர் வாதம். நான் எக்ஸ்டர்னல் பக்கம். அட்டவணை இன்னும் கையெழுத்தாகவில்லை.